காவலனைக் கேட்காமல் கோட்டையை இடிப்பதா?

“மெயின்கார்டு கேட் இறங்கு!” என்று பேருந்து நடத்துனர் நாளொன்றுக்கு நூறு முறை கூவுகிறார். இறங்குகிறவர்களும் இறங்கிக் கடைவீதிப் பக்கம் போய்விடுகிறார்கள். அந்தப் பெயருக்குப் பொருள் என்னவென்று ஒரு நிமிடம் நின்று எண்ணுவோர் எத்தனை பேர்? திருச்சி ஒரு காலத்தில் இரட்டை மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை நகரம். மதிலை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள், அகழி கிடந்த இடத்திலே சாலை போட்டார்கள். வாயில் ஒன்று மட்டும் மிஞ்சி நின்றது. காவற்படை நின்று, வருவோர் போவோரை விசாரித்த தலைவாயில் அது. தலைக்காவல் வாயில் என்று தமிழில் சொன்னால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். ஆனால் இன்று அப்படிச் சொல்லி ஆட்டோ பிடித்தால் போய்ச் சேர முடியாது!

அது கிடக்கட்டும். கோட்டைக்குள் பகைவன் புகுந்துவிட்டானா என்ற ஐயம் வருகிறது. அறிவுள்ள தளபதி என்ன செய்வான்? முதலில் வாயிற்காவலனை அழைத்து, “இந்த வழியாக எவனாவது போனானா?” என்று கேட்பான். காவலன், “எவனும் வரவில்லை” என்றால், ஊரை விட்டுவிடுவான். காவலனைக் கேட்காமலேயே தெருத் தெருவாக வீடுகளை இடித்துத் தேடுகிற தளபதியை நாம் என்னவென்று அழைப்போம்? ஆனால், மார்பகப் புற்றுநோய் அறுவையிலே ஏறக்குறைய நூறாண்டுக் காலம் நடந்தது இதுதான். உலகின் பேரறிஞர்கள் என்று பாராட்டப்பட்டவர்கள்தாம் நடத்தினார்கள். அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். பணத்தால் மட்டுமன்று, கையால் கொடுத்தார்கள்!

மார்பிலே வந்த நோய்க்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

காலிலே முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டிக்கொண்டது’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. கையிலே புண் வந்தால் அக்குளிலே நெறி கட்டும். தொட்டால் உருண்டையாக நெருடும், வலிக்கும், புண் ஆறியதும் தானே வற்றிவிடும். எழுத்தறியாத அந்தப் பாட்டி ஒரு பெரிய உண்மையைக் கையால் தடவிக் கண்டுபிடித்திருந்தாள். இரத்தக் குழாய்களைப் போலவே உடலெங்கும் இன்னொரு குழாய்க் கூட்டம் ஓடுகிறது. அதிலே ஓடுவது நிணநீர். அந்த வாய்க்கால்களின் வழியிலே ஆங்காங்கே அவரை விதை அளவில் கணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. வருகிற நீரை வடிகட்டி, நோய்க் கிருமியைப் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை. அப்படிப் பிடித்து மல்லுக்கு நிற்கும்போதுதான் அவை வீங்குகின்றன. நெறி கட்டுவது என்பது அந்தப் போராட்டம்தான்.

மார்பகத்திலிருந்து வடிகிற நிணநீரின் பெரும்பகுதி அக்குளுக்குப் போகிறது. அங்கே இருபது, முப்பது என்று கணுக்கள் இருக்கின்றன. மார்பகத்தில் தோன்றிய புற்று இடம்பெயரத் தொடங்கினால், அது பெரும்பாலும் முதலில் தட்டுகிற கதவு அக்குள்தான். கையிலிருந்து வருகிற நிணநீரும் அதே அக்குள் வழியாகத்தான் வடிந்தாக வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் ஒரே வடிகால்! வடிகாலை வெட்டி எறிந்தால் ஒரு ஊர் பிழைக்கலாம். மற்ற ஊரில் தண்ணீர் தேங்காமல் என்ன செய்யும்?

வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1882ஆம் ஆண்டு ஒரு முறையைத் தொடங்கினார். 1894இல் அதன் விளைவுகளை விரிவாக வெளியிட்டார். மார்பகம் முழுவதையும் எடுப்பது, அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளை எடுப்பது, அக்குளின் கணுக்கள் அனைத்தையும் கொழுப்போடு சுரண்டி எடுப்பது. கேட்கவே உடல் நடுங்குகிறது! ஆனால் ஹால்ஸ்டெட்டைப் பழிக்க நான் வரவில்லை. கை விரலால் தொட்டால் தெரியும் அளவுக்குப் பெரிதாக வளர்ந்த கட்டியோடுதான் அந்நாளில் பெண்கள் வந்தார்கள். கதிர்வீச்சு இல்லை, மருந்து இல்லை, கத்தி ஒன்றுதான் இருந்தது. புற்று ஒரு மரம், வேரோடு பிடுங்கினால் ஒழியும் என்று அவர் நம்பினார். அவர் காலத்துக்கு அது நியாயமான நம்பிக்கை. குறை அவரிடத்தில் இல்லை. அவர் மறைந்த பிறகும் ஐம்பதாண்டுக் காலம் அவருடைய வழியை வேதமாக ஓதி, “ஏன்?” என்று கேட்டவனை ஏளனம் செய்தார்களே, குறை அவர்களிடத்தில்!

ஏளனத்துக்கு ஆளானவர்களில் ஒருவர் பெர்னார்டு பிஷர். புற்று மரமன்று, காற்றிலே பறக்கிற விதை. இரத்தத்திலே கலந்து போகக்கூடியது. ஆகவே அக்குளைச் சுரண்டுவதால் மட்டும் உயிர் காக்கப்படுவதில்லை என்று அவர் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. 1971இல் தொடங்கிய ஆய்விலே பெண்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு ஹால்ஸ்டெட் முறை, மற்றவர்களுக்குக் குறைந்த அறுவை என்று செய்து, இருபத்தைந்து ஆண்டுகள் கணக்கெடுத்தார். 2002இல் அந்தக் கணக்கு வெளிவந்தது. உயிர் பிழைத்திருப்பதில் வேறுபாடு இல்லை! இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1981ஆம் ஆண்டிலேயே, சிறு கட்டியாக இருந்தால் மார்பகத்தை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை, கட்டியிருந்த பகுதியை எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தால் போதும் என்று காட்டினார். மார்பகம் தப்பியது. ஆனால் அக்குள்? அதை மட்டும் விட மனம் வரவில்லை. காரணம் உண்டு. கணுக்களில் புற்று இருக்கிறதா, எத்தனையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன மருந்து, எவ்வளவு மருந்து என்று முடிவு செய்ய முடியும். செய்தி வேண்டும், அதற்காகச் சுரண்டினார்கள். சுரண்டிப் பார்த்தால், தொடக்க நிலைக் கட்டியோடு வந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் கணுக்கள் தூய்மையாக இருந்தன! ஒன்றுமில்லை என்ற செய்தியைத் தெரிந்துகொள்ள ஒரு கையின் வடிகாலை அழித்தார்கள்.

அந்தக் கை என்ன ஆகிறது? அக்குளை முழுதும் சுரண்டிய பெண்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. சிலருக்கு ஆறு மாதத்தில், சிலருக்கு ஆறு ஆண்டு கழித்து. முதலில் வளையல் இறுகும். பிறகு ரவிக்கையின் கை நுழையாது. பிறகு கை கனக்கும், தோல் தடிக்கும். யானைக்கால் நோயைத் தஞ்சைத் தரணியிலே பார்த்தவர்கள், அதே வீக்கம் கையில் வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். காரணம் வேறு, விளைவு அதே அடைப்புதான். அரிவாள்மணையிலே விரல் சிறிது கீறினாலும் அந்தக் கையிலே சீழ் பிடித்துக் காய்ச்சல் வரும். தோள் முன்போல் மேலே உயராது. அக்குளும் மேற்கையின் உட்பக்கமும் மரத்துப் போகும். இதற்கு முழுத் தீர்வு தருகிற மருந்து இல்லை. இறுக்கமான கையுறை, உடற்பயிற்சி, தடவி வடிப்பது என்று வாழ்நாள் முழுவதும் ஒரு காவல்.

மேசைமுன் உட்கார்ந்து எழுதுகிறவருக்கே இது துன்பம். லால்குடிப் பக்கத்தில் நாற்று நடுகிற பெண்ணுக்கு? உறையூர்த் தறியில் நாடா தள்ளுகிறவருக்கு? காந்தி மார்க்கெட்டில் கூடை தூக்கித் தலையில் வைக்கிறவருக்கு? திருவரங்கத்தில் விடியலிலே உட்கார்ந்து முழம் முழமாகப் பூத் தொடுக்கிறவருக்கு? திருச்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டி வாழ்ந்த பெண்கள் எத்தனை ஆயிரம்! இவர்களுக்கெல்லாம் சொத்து என்பது இரண்டு கை. வங்கியில் வைப்பு நிதி இல்லை, கையில்தான் இருக்கிறது நிதி. “உயிர் பிழைத்தாயே, கை வீங்கினால் என்ன?” என்று அவரிடம் கேட்பவர், அவர் அடுப்பை யார் மூட்டுவது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்!

ஆக, கேள்வி இதுதான்: அக்குளைச் சுரண்டாமல் அக்குளின் செய்தியை அறிய முடியுமா?

முடியும் என்ற எண்ணம் முதலில் வேறொரு புற்றில் பிறந்தது. 1977இல் ரமோன் கபானாஸ் என்ற மருத்துவர், ஆண்குறிப் புற்றிலிருந்து வடிகிற நிணநீர் முதலில் சேர்கிற கணு ஒன்று உண்டு, அதைப் பார்த்தால் மற்றவற்றின் நிலை தெரியும் என்று எழுதினார். அதற்குக் காவற்கணு என்று பெயரும் வைத்தார். 1992இல் டொனால்டு மார்ட்டன் தோலில் வரும் கரும்புற்றுக்கு நீலச் சாயம் செலுத்தி அந்தக் கணுவைத் தேடிப் பிடித்தார். அடுத்த ஆண்டே டேவிட் கிராக் மார்பகப் புற்றில் கதிரியக்கப் பொருளைச் செலுத்திக் கருவியின் ஓசை வழியே கண்டார். 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தாலேயே மார்பகப் புற்றிலும் கண்டார்.

முறை என்ன? நம்மூர்க் கணக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும. பெட்டவாய்த்தலையில் பிரிகிற உய்யக்கொண்டான் வாய்க்காலிலே ஒரு குடம் சாயத்தைக் கரைத்து ஊற்றுகிறோம் என்று வையுங்கள். எந்தக் குளத்தில் முதலில் நிறம் தெரிகிறதோ, அதுதான் முதல் மடைக் குளம். வாய்க்காலில் நஞ்சு கலந்திருந்தால் முதலில் கெடுவதும் அந்தக் குளம்தான். அதே வேலைதான். மயக்கம் கொடுத்தபின் முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் அடியில் சிறிது நீலச் சாயம் செலுத்துகிறார்கள். ஐந்து நிமிடம் மெல்லத் தேய்த்துவிடுகிறார்கள். சாயம் நிணநீரோடு கலந்து அக்குளை நோக்கி ஓடுகிறது. அக்குளில் ஒரு சிறு கீறல்; நீலநிற நூல் போல ஒரு குழாய் தெரியும்; நூலைப் பிடித்துக்கொண்டே போனால் நீலமாக ஒரு கணு உட்கார்ந்திருக்கும். ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று, நான்கு. அவற்றை மட்டும் எடுத்து, அறுவை அறையின் பக்கத்திலேயே காத்திருக்கும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அவர் உறைய வைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்க்கிறார். “தூய்மை” என்று சொல்லி அனுப்பினால், அக்குள் தப்பியது. கீறலைத் தைத்துவிடுகிறார்கள்.

அந்த நீலச் சாயத்தின் பிறப்பையும் சொல்லிவிட வேண்டும். மெத்திலீன் நீலம் என்பது அதன் பெயர். 1876இல் ஜெர்மனியின் சாயத் தொழிற்சாலை ஒன்றில் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலாளர், துணிக்குச் சாயமேற்றுவதற்காக உண்டாக்கியது. 1891இல் பால் எர்லிக் அதை மலேரியாவுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். சாயத் தொட்டியிலே பிறந்த நீலம், சாமானியப் பெண்ணின் கையைக் காக்க வந்து நிற்கிறது.

சாயம் பூசியதெல்லாம் சரி, காவலன் பொய் சொல்லமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? இந்தக் கேள்வியைக் கேட்காதவர் அறிவியலாளர் அல்லர். மிலான் நகரில் வெரோனேசி 516 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குக் காவற்கணுவும் எடுத்து அக்குளும் சுரண்டுவது. மறு பிரிவுக்குக் காவற்கணுவில் புற்று இருந்தால் மட்டுமே சுரண்டுவது. 2003இல் முதல் முடிவும், 2010இல் பத்தாண்டு முடிவும் வந்தன. கணு தூய்மையாக இருந்ததால் அக்குளை விட்டுவைத்த பெண்கள் அதனால் எதையும் இழக்கவில்லை. அமெரிக்காவில் 5,611 பெண்களை வைத்து நடந்த பேராய்வு 2010இல் அதையே உறுதிப்படுத்தியது. அந்த ஆய்விலே காவற்கணு தவறான செய்தி சொன்னது, புற்று பரவியிருந்த பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு. இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தத் தவற்றினால் இறப்பு கூடவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. பின்னால் கொடுக்கிற மருந்தும் கதிர்வீச்சும் மிச்சத்தைக் கவனித்துக்கொள்கின்றன. கை வீக்கமோ இருபது விழுக்காட்டிலிருந்து ஐந்தாறு விழுக்காடாக இறங்கிற்று.

இதற்கும் மேலே ஒரு படி போனார்கள். காவலன், “ஆம், ஒருவன் நுழைந்தான்” என்றே சொன்னாலும் ஊரை இடிக்க வேண்டுமா?

1753ஆம் ஆண்டு நவம்பர் இரவொன்றில் பிரெஞ்சுப் படை திருச்சிக் கோட்டையின் வெளிமதிலில் ஏணி சாத்தி ஏறியது. வெளி அரணைக் கைப்பற்றியும் விட்டது. ஆனால் உள்மதில் இருந்தது. உள்ளே படை இருந்தது. பகைவன் பிடித்த பீரங்கியை அவசரப்பட்டு வெடித்ததில் ஊரே விழித்துக்கொண்டது. விடிவதற்குள் முறியடிக்கப்பட்டான். வெளிமதில் தாண்டப்பட்டது என்பதற்காகத் திருச்சி வீழ்ந்துவிடவில்லை!

ஏறக்குறைய இதைத்தான் ஜூலியானோ குழுவினர் 891 பெண்களிடம் சோதித்தார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி. காவற்கணுக்களில் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் புற்று. மார்பகத்தைக் காக்கும் அறுவையும் கதிர்வீச்சும் உண்டு. பாதிப் பேருக்கு அக்குளைச் சுரண்டினார்கள், பாதிப் பேருக்குச் சுரண்டவில்லை. பத்தாண்டு கழித்து 2017இல் வந்த கணக்கின்படி, சுரண்டியவர்களில் 83.6 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள். சுரண்டாதவர்களில் 86.3 விழுக்காட்டினர்! வேறுபாடு இல்லை என்பதே அறிஞர்கள் கூறும் பொருள். உள்மதிலாகக் கதிர்வீச்சும் மருந்தும் நின்றன.

“இதெல்லாம் அமெரிக்காவுக்கும் இத்தாலிக்கும் பொருந்தும், ஏழை நாட்டுக்கு ஏது வசதி?” என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. பெருமூச்சில் பாதி உண்மை இருக்கிறது. மேலைநாடுகளில் சாயத்தோடு கதிரியக்கப் பொருளையும் சேர்த்துச் செலுத்துகிறார்கள். டெக்னீசியம் என்ற அந்தப் பொருள் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் கரைந்துவிடும். வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. அணு மருத்துவத் துறை வேண்டும், ஓசையெழுப்பும் விலையுயர்ந்த கருவி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் துல்லியம் கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் அது இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று சொல்வது, கார் இல்லாததால் காவிரியைக் கடக்க முடியாது என்று சொல்வது போல! பாலம் இருக்கிறது, கால் இருக்கிறது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இதற்கு வழி காட்டியிருக்கிறது. கருவியும் வேண்டாம், அக்குளின் கீழ்ப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட நரம்புக்குக் கீழே உள்ள கொழுப்பையும் கணுக்களையும் மட்டும் எடுத்துச் சோதித்தால் போதுமா என்று 478 பெண்களிடம் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். காவற்கணு முறைக்கு நிகரான முடிவே கிடைத்தது. டெல்லி எய்ம்ஸ் அறுவை மருத்துவர்கள், கண் மருத்துவர் பயன்படுத்துகிற புளோரசின் என்ற ஒளிரும் சாயத்தை மெத்திலீன் நீலத்தோடு சேர்த்துச் செலுத்தி, நீல விளக்கொளியில் கணுவைத் தேடிக் காட்டியிருக்கிறார்கள். மலிவான சாயம், சின்ன விளக்கு, பயின்ற கை. இவற்றில் விலை மிகுந்தது கடைசியாகச் சொன்னதுதான்!

பயின்ற கைகளை உண்டாக்குவது எப்படி என்பதற்கு நமக்கு வெளியூர்ப் பாடம் தேவையில்லை. திருச்சிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையிலே 1886ஆம் ஆண்டு பிறந்த பெண் ஒருவர், ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்று, சட்டமன்றத்தில் துணைத்தலைவராக அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி வென்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நாடறியும். 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை அவர் கண்ணீராக மட்டும் வடித்துவிடவில்லை. லண்டன் சென்று புற்றுநோய் மருத்துவம் பயின்றார். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எதற்கு, வந்தால் சாவுதானே என்று கேட்ட அதிகாரத்தின் முன்னே முப்பதாண்டு வாதாடினார். 1952இல் அடிக்கல், 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை! மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். முற்றிய நிலையில் வருகிற மார்பகப் புற்றுக்கு, கத்தியை உடனே எடுக்காமல், முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிப் பின்னர் அறுப்பது என்ற முறையில் உலகமே திரும்பிப் பார்க்கும் அனுபவத்தை அங்கே திரட்டினார்கள். ஏன் அந்த முறை தேவைப்பட்டது? நம் பெண்கள் முற்றிய பின்னரே வந்தார்கள். ஆகையால் தேவைப்பட்டது!

இங்கேதான் நெஞ்சை உறுத்துகிற செய்தி இருக்கிறது. காவற்கணு முறை தொடக்க நிலையில் வருகிறவருக்குத்தான். அக்குளில் கல்போல் கணுக்கள் திரண்டு கைக்குத் தென்படுகிற நிலையில் வந்தவரிடம் காவலனைக் கேட்டுப் பயனில்லை; கோட்டைக்குள்ளே பகைவன் குடியேறிவிட்டான். (மருந்து கொடுத்துக் கணுக்கள் சுருங்கிய பின் இம்முறையைச் செய்யலாம் என்ற நிலை இப்போது வந்திருக்கிறது. ஆனால் அங்கே பிழை கூடுதல். எச்சரிக்கையாகக் குறைந்தது மூன்று கணுக்களாவது பார்க்க வேண்டும் என்கிறார்கள்.) 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று, 98,000 பேர் அதனால் இறந்தார்கள். வந்தவர்களில் பாதிக்கு இத்தனை நெருக்கமான சாவுக் கணக்கு, மருத்துவம் வளர்ந்த நாடுகளில் இல்லை.

கட்டி வலிக்காது. அதுதான் அதன் சூழ்ச்சி! வலித்தால் அன்றைக்கே வந்திருப்பார். வலிக்காத கட்டியை வைத்துக்கொண்டு, “யாரிடம் காட்டுவது, எப்படிச் சொல்வது” என்று நாணி, மகளுக்குத் திருமணம் முடியட்டும், அறுவடை முடியட்டும், ஆடி போகட்டும் என்று ஆறு மாதம் தள்ளுகிறார். சொன்னால் வீட்டுக்காரர், “கொழுப்புக் கட்டியாக இருக்கும்” என்கிறார். அவர் எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தார்? பல்வலிக்கு அலைகிற வீட்டில், தாயின் மார்பிலே ஒரு கட்டி இருப்பதைப் பேசுவது வெட்கமாம்! வெட்கப்பட வேண்டியவர்கள் கேட்டும் கேளாதவர்கள். கத்தி பட்டால் நோய் உடம்பெங்கும் பரவிவிடும் என்ற பேச்சும் ஊரிலே உலவுகிறது. கத்திக்குப் பயந்து காலம் கடத்துகிறவருக்குத்தான் பெரிய கத்தி காத்திருக்கிறது. நெல்லிக்காய் அளவில் வந்தவருக்குச் சிறு கீறல், கையும் தப்பும், மார்பகமும் தப்பும். தேங்காய் அளவில் வந்தவருக்கு என்ன மிஞ்சும்? அறிவாற்றலும் அதிகாரமும் சூழ இருந்த அண்ணாவையே 1969இல் இந்த நோய்க் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று கொண்டுபோயிற்று. நியூயார்க் வரை சென்றும் மீட்க முடியவில்லை. உணவுக்குழல் ஒளிவிடம். மார்பகம் அப்படியன்று, கைக்கு எட்டுகிற இடம். விரல் தொட்டே கண்டுவிடலாம்.

அரசிடமும் கேட்பதற்கு இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு இருக்கிறது; வீடு தேடி வருகிற மருத்துவத் திட்டம் 2021 முதல் இருக்கிறது. நல்லது. கட்டியைக் கண்டுபிடித்து அனுப்பினால் மட்டும் போதாது. அனுப்பப்படுகிற இடத்தில், புத்தூர் அரசு மருத்துவமனையானாலும் சரி, தஞ்சையானாலும் மதுரையானாலும் சரி, மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றின் அறுவைப் பிரிவிலும் காவற்கணுவைத் தேடப் பழகிய கை இருக்க வேண்டும். அறுவை நடக்கிற நேரத்தில் கணுவை உறைய வைத்துப் பார்த்துச் சொல்ல நோய்க்குறியியல் மருத்துவர் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் சாயம் வீண், திறமை வீண். கணு ஆய்வகத்துக்குப் போய்ச் செய்தி வர ஒரு வாரம், புற்று இருந்தால் மறுபடி மயக்கம், மறுபடி அறுவை. அக்குளைச் சுரண்டித்தான் தீரவேண்டும் என்றானவருக்கு, கை வீங்கும் முன்பே உடற்பயிற்சி கற்பிக்கிற இயன்முறை மருத்துவர் வேண்டும். கட்டடம் திறப்பது செய்தித்தாளில் படமாக வரும். ஒரு பெண்ணின் கை வீங்காமல் போனது படமாக வராது. ஆகவே இரண்டாவது பின்தங்கிவிடுகிறது.

அறிவியலோ நிற்கவில்லை. காவலனைக் கூடக் கேட்க வேண்டுமா என்று இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள்! கட்டி சிறியது, அக்குளை ஸ்கேன் செய்து பார்த்ததில் ஒன்றும் இல்லை என்றால், அக்குளைத் தொடாமலே விட்டுவிடலாமா என்று மிலானில் நடந்த ஆய்வு 2023இலும், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 5,500 பெண்களிடம் நடந்த ஆய்வு 2024இலும் வெளிவந்தன. தேர்ந்தெடுத்த பெண்களுக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டி, மெல்ல வளரும் வகைச் சிறு கட்டியோடு வந்தவர்களுக்கு, விட்டுவிடலாம் என்பதே விடை. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் தசையோடு பிடுங்கத் தொடங்கிய கத்தி, படிப்படியாகப் பின்வாங்கி, அக்குளின் வாசலிலேயே நின்றுவிடப் பார்க்கிறது.

அறுவைக்குப் போகிற தாய்மார்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்: “என் அக்குளை முழுதும் எடுக்கப் போகிறீர்களா, காவற்கணுவை மட்டுமா? முழுதும் என்றால் எதனால்?” கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல மருத்துவர் காரணம் சொல்வார். சில நேரம் முழுதும் எடுப்பதற்குச் சரியான காரணமும் இருக்கும். ‘கரண்டு வைப்பது’ என்று மக்கள் சொல்கிற கதிர்வீச்சு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். கருவுற்றிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மெத்திலீன் நீலம் ஆகாது. இன்னொன்று: சாயம் செலுத்திய மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், மார்பகத் தோலிலும் சில காலம் நீலத் திட்டு தெரியும். முன்கூட்டிச் சொல்லாததால் பதறி அழுதவர்கள் உண்டு. அது சாயம்தான், சிறுநீர் ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.